ஏற்காட்டு ஜிம்மி டெல்லி விமானத்தில் ஏற முடியுமா?

கேள்வி இதுதான். ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் அம்மா தனியாக இருக்கிறார். துணைக்கு ஜிம்மி, ஏழு வயது பொமரேனியன். டெல்லியில் இருக்கும் மகன், இனி தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிடுகிறார். "ஜிம்மி இல்லாமல் நான் கிளம்ப மாட்டேன், அவனைச் சாமானோடு போட்டு அனுப்பவும் விடமாட்டேன்" என்கிறார் அம்மா. சேலத்தில் இருக்கும் மகள் கேட்கிறார்: ஆட்கள் உட்காரும் கேபினிலேயே ஜிம்மியைக் கொண்டுபோக முடியுமா? கமலாபுரம் விமான நிலையத்திலிருந்தே ஏறலாமா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? அண்ணனுக்கு அடுத்த வருடம் ஜெர்மனிக்கு மாற்றல் வரலாம் என்கிறார்கள், அப்போது என்ன செய்வது?

சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். விமானத்தில் போகிற பிராணிகளுக்கு உடல்தகுதிச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சகோதரி.

கேபினில் கொண்டுபோக முடியும். ஆனால் டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள். எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு குடும்பம் வியாழக்கிழமை சாயங்காலம் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். சனிக்கிழமை விமானம், நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, கூடைக்குள் மூன்று வயதுப் பூனை. எந்த நிறுவனம் என்று கேட்டேன். பேரைச் சொன்னதுமே எனக்கு வயிறு கலங்கியது. அந்த நிறுவனம் செல்லப்பிராணிகளை ஏற்றுவதே இல்லை. அந்த வீட்டுச் சின்னப் பெண் பூனையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பூனை பாட்டி வீட்டுக்குப் போனது. ஒரே ஒரு போன் செய்து முன்பே கேட்டிருந்தால் அந்தக் குழந்தை அப்படி அழுதிருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் எல்லா விமானத்துக்கும் பொதுவாகக் கேபினில் பிராணியை ஏற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. ஏற்றுவதா வேண்டாமா, எத்தனை கிலோ வரை, ஒரு விமானத்தில் எத்தனை பிராணி என்பதை நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. அன்றைய தினம் கடைசி வார்த்தை அந்த விமானத்தின் கேப்டனுடையது. இண்டிகோ வீட்டுப் பிராணிகளை ஏற்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்சி பெற்ற நாய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஏர் இந்தியா நெடுங்காலமாக நாய், பூனை, பறவைகளை ஏற்றி வருகிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் இந்தச் சேவையைத் தொடங்கியது. அப்போது கேபினில் பையோடு சேர்த்து 7 கிலோ வரை என்றார்கள், பிறகு 10 கிலோ ஆக்கினார்கள். ஏர் இந்தியாவில் பல வருடங்கள் 5 கிலோதான் வரம்பாக இருந்தது. இந்த எண்கள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் நண்பர் சொன்னார், போன வருடம் வீடியோவில் பார்த்தேன் என்று நம்பிப் போகாதீர்கள். பயணம் செய்யப்போகும் மாதத்தில் நிறுவனத்தின் இணையதளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

முதலில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யுங்கள். இந்தத் தேதி, இந்த விமானம், கேபினில் ஒரு நாய்க்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு விமானத்தில் ஒன்றிரண்டு பிராணிகளுக்குமேல் ஏற்றமாட்டார்கள். வேறு யாராவது முன்பே பதிந்திருந்தால் உங்களுக்கு இடமில்லை. இருக்கிறது என்றால் அதே போனில் டிக்கெட்டும் ஜிம்மிக்கான பதிவும் சேர்த்துச் செய்துவிடுங்கள். உறுதி செய்ததை மின்னஞ்சலில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வையுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு விவரம் தெரியாமல் போவது நிறைய நடக்கிறது, அந்த நேரத்தில் கையில் இருக்கும் தாள்தான் பேசும். பாதியில் விமானம் மாறுகிற மாதிரி டிக்கெட் வேண்டவே வேண்டாம், நேராக டெல்லி போகிற விமானமாகப் பாருங்கள்.

இந்த எடைக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். கேபினில் பிராணி இருக்க வேண்டிய இடம் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் பொந்து. அதற்குள் பை நுழைய வேண்டும், பைக்குள் நாய் எழுந்து நின்று, திரும்பி, சாதாரணமாகப் படுக்க முடிய வேண்டும். விமானத்தில் பிராணிகளைக் கொண்டுபோவது பற்றிய உலகளாவிய விதிகளில் அடிப்படையானது இது. ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் சொல்லும் பை அளவு 55 × 40 × 23 செ.மீ. உயரம் 23 சென்டிமீட்டர் என்றால் நம் கையால் ஒரு சாண். இப்போதே ஜிம்மி நிற்கும்போது பக்கத்தில் கையை வைத்து ஒரு சாண் அளந்து பாருங்கள். சிலர் மடியில் வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். முடியாது. விமானம் கிளம்பியதிலிருந்து இறங்கும் வரை பைக்குள்தான், ஜிப் மூடித்தான் இருக்க வேண்டும். நாயோடு போகிறவருக்கு அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் சீட் தரமாட்டார்கள். முன்னால் சீட்டே இல்லாத முதல் வரிசையும் ஆகாது, பையை வைக்க அங்கே இடமில்லை.

ஊரில் பலர் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நாட்டு நாயும் வளர்க்கிறார்கள். அவை 15, 20, 25 கிலோ போகும். அவற்றுக்குக் கேபின் கிடையாது, எந்த நிறுவனத்திலும் கிடையாது. சரக்கு அறையில் கூண்டில்தான் போக வேண்டும். அதற்குப் பயந்து, மனத்துணைக்கான நாய், அதாவது மனக்கவலை உள்ளவருக்கு ஆறுதலாகக் கூடவே இருக்க வேண்டிய நாய் என்று ஒரு சான்றிதழ் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நான் எழுதுவதில்லை. அமெரிக்காவே 2021 ஜனவரியிலிருந்து அந்த வகையை உதவி நாயாகக் கருத வேண்டியதில்லை என்று விமான நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. பார்வையற்ற ஒருவரை வழிநடத்தப் பல மாதம் பயிற்சி பெற்ற நாய்க்கு இருக்கிற மரியாதை, இந்த மாதிரிப் பொய்த் தாள்களால் குறைந்துபோகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஜிம்மியின் எடைக்கு வருகிறேன். ஆறு கிலோ இருப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். "இருப்பான்" போதாது. வீட்டில் எடை மெஷின் இருந்தால் அம்மா ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும், பிறகு தனியாக ஏறட்டும், கழித்துப் பாருங்கள். அதோடு பையையும் எடை போட வேண்டும். துணியால் ஆன நல்ல பை ஒரு கிலோவுக்குமேல் வரும், உள்ளே விரிக்கும் மெத்தை கால் கிலோ. நாய் 6.4, பை 1.3, மெத்தை 0.3 என்றால் மொத்தம் சரியாக 8 கிலோ. 10 கிலோ வரம்பில் தாராளமாகப் போகலாம், 7 கிலோ வரம்பில் முடியாது.

கவுண்டர் தராசு யாருக்கும் இரக்கம் காட்டாது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நாய்க்குட்டியோடு போனபோது 300 கிராம் அதிகம் காட்டியிருக்கிறது. பையிலிருந்து மெத்தையை எடுத்தார், தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தார், கடைசியில் குட்டியின் கழுத்துப் பட்டையையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். நல்லவேளை, அதோடு சரியாகிவிட்டது. நீங்கள் அரைக் கிலோ இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பொமரேனியனுக்கு முடி பம்மென்று இருப்பதால் உடம்பு தெரியாது. விலாவில் விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள், எலும்பு கையில் தட்டுப்படாவிட்டால் அவன் குண்டாகத்தான் இருக்கிறான். பொறையும் பிஸ்கட்டும் நிறுத்தி, சோற்றைக் கொஞ்சம் குறைத்து, ஏரியைச் சுற்றித் தினமும் நடக்க வைத்தால் இரண்டு மாதத்தில் அரைக் கிலோ இறங்கும். பட்டினி போட வேண்டாம்.

கமலாபுரத்திலிருந்து ஏறலாமா என்றால், ஜிம்மிக்கு அது வசதிப்படாது. சேலத்திலிருந்து டெல்லிக்கு நேரடி விமானம் கிடையாது. இங்கிருந்து பறப்பவை பெங்களூர், சென்னை போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போகும் சின்ன விமானங்கள். அதில் இண்டிகோவில் ஜிம்மிக்கு இடமில்லை, மற்றதில் போனாலும் பாதியில் மாற வேண்டும். அதனால் பெங்களூரா, கோயம்புத்தூரா, சென்னையா என்று யோசியுங்கள். கோயம்புத்தூர்தான் பக்கம், மூன்று மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். அங்கிருந்து ஏர் இந்தியாவின் நேரடி டெல்லி விமானம் உங்கள் தேதிக்கு இருந்து, எடையும் ஒத்துவந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் பெங்களூர். தொப்பூர் கணவாய், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சாலை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஊரைக் கடப்பதற்கே தனியாக நேரம் வைக்க வேண்டும். சென்னை கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர், வேறு வழி இல்லாவிட்டால் பார்க்கலாம்.

உண்மையைச் சொன்னால் டெல்லி விமானம் மூன்று மணி நேரம்தான். ஜிம்மிக்குக் கஷ்டம் கொடுக்கப்போவது அதற்கு முந்தைய சாலைப் பயணம். ஏற்காட்டிலிருந்து இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவில் பெரியவர்களுக்கே குமட்டும். அதனால் விமானத்தன்று காலையில் மலையிலிருந்து இறங்க வேண்டாம். இரண்டு நாள் முன்பே அம்மாவையும் ஜிம்மியையும் சேலத்தில் உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். இறங்கும்போது கடைசியாகச் சாப்பிட்டு நான்கைந்து மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், பை முன்பக்கம் பார்த்து அசையாமல் இருக்கட்டும். ஏழெட்டு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு நிமிடம் காற்று வாங்க விடுங்கள். வாந்தி எடுக்கிற நாய் என்றால் மாரோபிட்டன்ட் என்ற மாத்திரை இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். அளவை எடை பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி தூக்க மாத்திரை. தயவுசெய்து கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான மாத்திரையைக் கால் துண்டு, அரைத் துண்டு என்று உடைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். மயக்க மருந்து கொடுத்த நாயின் ரத்த அழுத்தம் இறங்கும், உடம்புச் சூட்டைத் தானே சமாளிக்கும் திறன் குறையும், பை ஆடும்போது காலை ஊன்றி நிற்கக்கூட வராது. நாய்க்கு வியர்த்துக் கொட்டுவதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அந்த மூச்சையே மந்தப்படுத்துகிற மருந்தைக் கொடுத்து, ஒரு சாண் உயரப் பைக்குள் வைத்து, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. மயங்கிய நிலையில் கொண்டுவரும் பிராணியை ஏற்ற மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. ரொம்பப் பதற்றப்படுகிற நாய்க்கு, தூங்க வைக்காமல் பதற்றத்தை மட்டும் குறைக்கும் மருந்து இருக்கிறது. அதையும் மருத்துவரிடம் கேட்டு, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

மருந்தைவிடப் பலன் தருவது பழக்கம். ஆறு வாரம் முன்பே பையை வாங்கிவிடுங்கள். முதல் வாரம் பையைத் திறந்து ஜிம்மி வழக்கமாகப் படுக்கும் மூலையில் வைத்துவிடுங்கள். உள்ளே அம்மாவின் பழைய புடவை ஒன்றை, துவைக்காமல், மடித்துப் போடுங்கள். அவனாக உள்ளே போகட்டும், பிடித்துத் தள்ள வேண்டாம். சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள். அடுத்த வாரம் அவன் சாப்பிடும்போது ஒரு நிமிடம் ஜிப்பை மூடித் திறங்கள். பிறகு ஐந்து நிமிடம், பிறகு அரை மணி. மூன்றாவது வாரத்திலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய் வாருங்கள். ஆட்டோ சத்தம், பஸ் ஹாரன், புதுக் குரல்கள் எல்லாம் பைக்குள்ளிருந்தே கேட்டுப் பழகட்டும். கடைசி வாரம் பையை நாற்காலிக்கு அடியில் வைத்து, அம்மா மேலே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் டிவி பார்க்கட்டும். அவன் குரைத்தால் உடனே திறக்கக் கூடாது, அடங்கிய பிறகு திறந்து பாராட்டுங்கள். குரைத்தால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொண்ட நாய், மூன்று மணி நேரமும் குரைத்துக்கொண்டேதான் வரும்.

அம்மாவுக்கு ஒரு பயம் இருக்கும், உயரத்தில் ஜிம்மிக்கு மூச்சு முட்டுமோ என்று. கேபினில் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குத்தான் குறையும், அதாவது சுமார் 2,400 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே, தொட்டபெட்டாவைவிடக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்மி பிறந்து வளர்ந்த ஏற்காடே சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆரோக்கியமான நாய்க்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆரோக்கியமானதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட சின்ன ரக நாய்களுக்கு இதய வால்வு தளர்வது சகஜம். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாயும் தளரும். உற்சாகத்தில் ஓடிவரும்போது வாத்து கத்துவது போல இருமினால் அதுதான் அறிகுறி. அப்படி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், பரிசோதித்து மருந்து கொடுத்த பிறகு பயணத்தை முடிவு செய்யலாம். கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு, நெஞ்சைச் சுற்றிப் போடும் வாருக்கு இப்போதே மாறிவிடுங்கள்.

மூக்கு சப்பையான பக், ஷிட்சூ, புல்டாக், பெர்சியன் பூனை எல்லாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. மூச்சுப்பாதை பிறவியிலேயே குறுகல். வெயிலில் அவற்றைச் சரக்கு அறையில் அனுப்பச் சொன்னால் நான் கையெழுத்துப் போடமாட்டேன், பல நிறுவனங்களும் ஏற்பதில்லை.

மலையிலிருந்து வரும் நாய்களிடம் நான் கூடுதலாகப் பார்ப்பது உண்ணி. காப்பித் தோட்டத்திலும் புல்வெளியிலும் திரிகிற நாய்க்குக் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருந்தே தீரும். அதனால் வரும் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிப்போகும். வெளியில் பார்த்தால் கொஞ்சம் சோர்வாக இருக்கிறான், அவ்வளவுதான். ஒரு சின்ன நாயை உடல்தகுதிக்காகக் கொண்டுவந்தார்கள். வால் ஆட்டுகிறது, கண் தெளிவு. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்து, அதில் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். அன்றைக்குப் பயணத்தை நிறுத்தி மூன்று வாரம் வைத்தியம் பார்த்தோம். அதனால் ஜிம்மிக்கு ஒரு மாதம் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், உண்ணி மருந்தும் கொடுத்துவிடுங்கள்.

உள்நாட்டுப் பயணத்துக்குத் தாள்கள் குறைவுதான். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட விவரம் இருக்கிற புத்தகம், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் கொடுக்கும் உடல்தகுதிச் சான்றிதழ், நிறுவனம் கேட்கும் உறுதிமொழிப் படிவம். சான்றிதழ் பயணத்துக்கு எத்தனை நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். ஊசி போட்டது நினைவிருக்கிறது, புத்தகத்தில் எழுதவில்லை என்றால் போடாததற்குச் சமம்.

விமான நிலையத்தில் ஆபத்தான இடம் ஒன்றே ஒன்று, பாதுகாப்புச் சோதனை. பை எக்ஸ்-ரே மெஷினுக்குள் போகும், நாய் போகக் கூடாது. வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தட்டுகள் மோதும் சத்தம், பீப் ஒலி, சுற்றிலும் கூட்டம். திமிறி ஓடுகிற நாய் ஓடுவது இங்கேதான். நெஞ்சு வாரைப் போட்டு, கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகே ஜிப்பைத் திறக்க வேண்டும். அம்மா தனியாகப் போகப்போகிறார் என்றால் எனக்குக் கவலைதான். கைப்பை, செருப்பு, போன், நாய் எல்லாவற்றையும் ஒருவரே சமாளிக்க முடியாது. நீங்களோ அண்ணனோ கூடவே பயணம் செய்யுங்கள், இந்தச் செலவு மட்டும் வீண் இல்லை. உள்ளே போவதற்கு முன்னால், வெளியிலேயே சிறுநீர் கழிக்க வைத்துவிடுங்கள். பைக்குள் உறிஞ்சும் விரிப்பு ஒன்று, மாற்ற இன்னொன்று. தண்ணீர் நிறையக் கொடுக்காமல் வாய் நனைகிற அளவுக்கு அவ்வப்போது கொடுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், அப்போது ஒரு சின்னத் துண்டு தின்பண்டம் கொடுத்து விழுங்க வைத்தால் சரியாகிவிடும்.

மாதம் பார்த்துப் போங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லியில் மூடுபனியால் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், பைக்குள் இருக்கிறவனுக்கு அது கொடுமை. மே, ஜூன் வெயில் மலைக் குளிரில் வளர்ந்த நாய்க்கு ஆகாது. பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி, இல்லாவிட்டால் அக்டோபர், நவம்பர். காற்று மாசு நவம்பரில் அதிகம் என்பதால் இருமல் இருக்கும் நாய் என்றால் பிப்ரவரியே மேல்.

ரயிலையும் யோசித்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். முதல் வகுப்பு ஏசியில் இரண்டு அல்லது நான்கு படுக்கை உள்ள அறையை முழுதாகப் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ரயில் கார்டு பயணம் செய்யும் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில். சென்னை வரைக்கும் போக நல்ல வழி. டெல்லி வரை என்றால் அம்மாவின் வயதுக்கு நான் விமானத்தைத்தான் சொல்வேன்.

ஜெர்மனி விஷயத்துக்கு இன்றே ஒரு வேலை தொடங்க வேண்டும், அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தாலும் அழுத்திச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் நாய்க்குத் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் இருக்க வேண்டும். சிப்பை முதலில் போட்டு, அதற்குப் பிறகோ அதே நாளிலோ வெறிநோய் ஊசி போட்டால்தான் அந்த ஊசி செல்லும். சிப் இல்லாத காலத்தில் போட்ட ஊசிகளைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட் அல்லது அதற்குமேல் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பிறகுதான் பயணம். ஆக மொத்தம் நான்கு மாதம், இதில் ஒரு நாள்கூடச் சுருக்க முடியாது. ஒருமுறை இந்தப் பரிசோதனையில் தேறிவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டு வரும் வரை அது செல்லும். அதனால் டெல்லி கிளம்பும் முன்பே சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். மாற்றல் உத்தரவு வந்த பிறகு தொடங்கினால் அண்ணன் முன்னால் போவார், ஜிம்மியும் அம்மாவும் காத்திருப்பார்கள்.

நாட்டை விட்டு வெளியே போகும்போது மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மையத்தில் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். டெல்லியில் இருக்கிறது, தெற்கே சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது. லுஃப்தான்சாவில் கேபின் வரம்பு பையோடு சேர்த்து 8 கிலோ. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், ஜிம்மி இப்போது விளிம்பில் நிற்கிறான். அந்த அரைக் கிலோவைக் குறைக்கச் சொன்னது டெல்லிக்காக இல்லை, இதற்காகத்தான்.

எல்லா நாடும் ஜெர்மனி மாதிரி இல்லை. இங்கிலாந்துக்குள் வணிக விமானத்தில் நாயைக் கேபினில் கொண்டு நுழைய முடியாது, சரக்காகத்தான். துபாயும் அப்படித்தான். எமிரேட்ஸ் கேபினில் நாய், பூனைக்கு இடமில்லை, சில வழித்தடங்களில் வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகளை மட்டும் ஏற்றுவார்கள். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து விதிகளை இறுக்கியது. அவர்கள் பட்டியலில் இந்தியா வெறிநோய் அபாயம் அதிகமுள்ள நாடு. இங்கே ஊசி போட்ட நாய்க்கு ஆறு மாத வயது நிறைந்திருக்க வேண்டும், சிப்பும் படிவங்களும் வேண்டும், குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டும்தான் இறங்கலாம். அங்கே இருக்கும் பிராணிப் பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவும் வேண்டும். அண்ணனுக்கு ஜெர்மனிக்குப் பதில் வேறு நாடு என்று மாறினால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

டெல்லி போய்ச் சேர்ந்த அன்று ஜிம்மிக்குப் புது மெத்தை வாங்கி வைக்காதீர்கள். அதே பை, அதே புடவை, திறந்தபடி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டான், தண்ணீர் குடித்தால் போதும். மூன்றாம் நாளும் சாப்பிடாவிட்டால் அங்கே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போதைக்கு அடுத்த முறை மலையிலிருந்து இறங்கும்போது அவனையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பை வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் எடுத்துப் போங்கள், இரண்டையும் ஒன்றாகத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம்.